செட்டிநாட்டுச் சிறு நீதிமன்றங்களுக்குப் புதிதாக வருபவருக்கு: எந்த வேலை எங்கே முடிகிறது

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் ஆகிய ஊர்களின் நீதிமன்றங்களுக்கு முதன்முறையாக வழக்கோடு வருபவர், கண்முன் இருக்கும் நீதிபதியும் எழுத்தர்களும் கட்டடமும் சேர்ந்ததே நீதிமன்றம் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த எண்ணத்தோடு நடப்பவர்தான் ஒரே வேலைக்காகப் பல வாய்தாக்களை இழக்கிறார். ஊர் நீதிமன்றத்தில் நடப்பவை விசாரணையும் தீர்ப்பும் அவற்றைச் சார்ந்த அன்றாட எழுத்து வேலையும் மட்டுமே. ஆளை நியமிப்பது, பணம் ஒதுக்குவது, கணினி அமைப்பை இயக்குவது, நீதிபதி இல்லாதபோது மாற்று ஏற்பாடு செய்வது, கட்டடத்தைப் பழுது பார்ப்பது ஆகியவை சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ மதுரையிலோ சென்னையிலோ முடிவாகின்றன. எந்த வேலை எந்த மேசையில் நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், அதை எங்கே கேட்பது, எப்போது பொறுத்திருப்பது, எப்போது எழுதிக் கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அதற்காகவே எழுதப்பட்டது. வழக்கின் நியாய அநியாயத்தைப் பற்றி உங்கள் வழக்கறிஞரிடம்தான் பேச வேண்டும்.

முதலில் ஊரையும் மாவட்டத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்

செட்டிநாடு என்பது நம் பேச்சு வழக்கில் ஒரே நாடு. அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் கோட்டையூரும் சிவகங்கை மாவட்டம். சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கோனாபட்டும் ராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டம். அசையாச் சொத்து பற்றிய வழக்கைச் சொத்து இருக்கும் எல்லைக்குரிய நீதிமன்றத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. வீடு கானாடுகாத்தானிலும் வயல் திருமயம் வட்டத்திலும் இருக்கும் பாகப்பிரிவினையானால், 17-ஆம் பிரிவின்படி இரண்டில் ஒரு நீதிமன்றத்தில் முழுவதற்கும் சேர்த்தே வழக்குத் தொடரலாம். ஆனால் எந்தப் பக்கம் தொடர்கிறீர்களோ அந்த மாவட்டத் தலைநகரமே அதன்பின் உங்களுக்கு நிர்வாக மேலிடம் ஆகிவிடும் என்பதை அப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும். மலேசியாவிலோ மியான்மரிலோ உள்ள பூர்வீகச் சொத்தை இங்குள்ள நீதிமன்றம் பாகம் பிரித்துக் கொடுக்காது. அந்தப் பட்டியலைப் பிராதில் (வழக்குரையில்) சேர்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

எல்லைக்கு அடுத்தது படிநிலை. சொத்தின் மதிப்பைப் பொறுத்து மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் என்று வழக்கு போகும்; முன்சீப் கோர்ட், சப் கோர்ட் என்று சொன்னால்தான் பேருந்து நடத்துநருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் புரியும். தகுதியுள்ள நீதிமன்றங்களுள் கீழ்நிலையில் உள்ளதில்தான் தொடங்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. சிறிய ஊர்களில் உரிமையியல் நீதிபதியும் குற்றவியல் நடுவரும் ஒருவராகவே இருப்பதுண்டு. அத்தகைய நீதிமன்றத்தில் காவல் நிலையத்திலிருந்து ஒருவரை ரிமாண்டுக்குக் கொண்டுவந்தால், உங்கள் சாட்சி பாதியில் நிற்கக்கூடும். அது ஒழுங்கின்மை அன்று. ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதன் விளைவு.

மேலே இருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள்

அரசமைப்புச் சட்டத்தின் 235-ஆம் உறுப்பு, கீழமை நீதிமன்றங்களின் மீதான கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்திருக்கிறது. உரிமையியல் நீதிபதிகளைத் தேர்வாணையம் தேர்வு நடத்தித் தெரிவு செய்தாலும், அவர்களை எந்த ஊரில் அமர்த்துவது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் உயர் நீதிமன்றத்தின் கையில். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் நிர்வாகப் பொறுப்பாளராக இருப்பார். அவருக்குக் கீழே மாவட்டத்தின் தலை, முதன்மை மாவட்ட நீதிபதி. உங்கள் ஊர் நீதிமன்றத்தை ஆய்வு செய்பவரும், பணியாளர்களை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றுபவரும், விடுப்பில் சென்ற நீதிபதியின் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுப்பவரும் அவரே. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களின் அன்றாட நிர்வாகத்தில் தலைமைக் குற்றவியல் நடுவர் அவருக்குத் துணையாக இருப்பார்.

பணம் இன்னொரு வழியாக வருகிறது. சம்பளமும் எழுதுபொருள் செலவும் மாநில அரசின் உள்துறையில் உள்ள நீதிமன்றங்கள் பிரிவின் ஒதுக்கீட்டிலிருந்து கருவூலம் வழியாக வரும். கட்டடம் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. நீதிமன்றக் கட்டடங்களுக்காக ஒன்றிய அரசு 1993-94 முதல் நடத்திவரும் திட்டத்தில், இப்போது ஒன்றியம் 60 பங்கும் மாநிலம் 40 பங்கும் ஏற்கின்றன. எனவே கூரை ஒழுகுகிறது, உட்கார இடமில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்பன போன்றவற்றுக்கு எழுத்தரிடம் சத்தம் போடுவதில் பயனில்லை. அவரும் அதே கூரையின் கீழ்தான் உட்கார்ந்திருக்கிறார். வழக்கறிஞர் சங்கம் மூலம் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு எழுத்தில் கொடுத்தால் அது கோப்பில் ஏறும். கோப்பில் ஏறாத குறை மேலே போகாது.

ஊர் நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியவர்கள் சிலரே. அலுவலகத்துக்குத் தலைவர் சிரஸ்தாரோ தலைமை எழுத்தரோ. நீதிபதிக்கு முன்னால் வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்து வழக்கை அழைப்பவர் பெஞ்ச் கிளார்க். அழைப்பாணைகளையும் பணத்தையும் கவனிப்பது நாசர் பிரிவு; அதன் கீழே அமீனாக்கள். நகலை எழுதுபவர் ஒருவர், அதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் இன்னொருவர். முடிந்த கட்டுகளைக் காப்பது பதிவறை எழுத்தர். இவற்றில் ஓர் இடம் காலியாக இருந்தால் அந்த வேலை இன்னொருவரின் தலையில் விழும், அல்லது வேறு நீதிமன்றத்திலிருந்து வாரத்தில் சில நாள் மாற்றுப் பணியில் ஒருவர் வருவார். அவர் வரும் கிழமைகளைக் கேட்டுக் குறித்துக்கொள்வது பாதி அலைச்சலை மிச்சமாக்கும்.

வழக்கு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

பிராது தாக்கலானதும் அது உடனே எண்ணிடப்படுவதில்லை. கட்டணம் சரியா, ஆவணங்கள் பட்டியலோடு ஒத்திருக்கின்றனவா, வக்காலத்து முறையாக உள்ளதா என்று அலுவலகம் பார்த்து, குறை இருந்தால் திருப்பும். திருப்பியதைக் குறித்த நாளுக்குள் சரிசெய்து மீண்டும் கொடுக்க வேண்டும். புதிதாக வருபவர்களின் வழக்கு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் கிடக்கிறது. வழக்குப் போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டு வீட்டில் இருப்பார்கள்.

எண்ணிடப்பட்டதும் ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண் ஒன்று கிடைக்கும். அதன் முதல் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், இடையில் உள்ளவை மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் வரிசை எண்ணையும், கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். கட்டின் முதல் பக்கத்தில் இதைப் பெரிதாக எழுதி வையுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் இந்த ஓர் எண்ணைக் கொடுத்தால் அடுத்த வாய்தாவும், முந்தைய நாளில் நடந்ததும், பதிவேற்றப்பட்ட உத்தரவும் கட்டணமின்றித் தெரியும். எண் இல்லாவிட்டால் பெயரைக் கொடுத்தும் தேடலாம். அப்போது திருப்பத்தூர் நீதிமன்றத்தைச் சிவகங்கை மாவட்டத்தின் கீழ் தேட வேண்டும்; வடக்கே 2019-இல் உருவான திருப்பத்தூர் மாவட்டத்தில் போய்த் தேடிவிட்டு வழக்கே இல்லை என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மின்னணு அமைப்பு 2007-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பகுதி. மூன்றாம் கட்டத்துக்கு 2023-இல் ரூ.7,210 கோடி ஒப்புதல் ஆனது. மென்பொருளைத் தேசியத் தகவல் மையம் செய்து கொடுக்கிறது. உயர் நீதிமன்றத்தின் கீழுள்ள கணினிப் பணியாளர்கள் மாவட்டம் தோறும் அதைப் பராமரிக்கிறார்கள். இதனால் தேவகோட்டை வழக்கின் நிலையைக் கோலாலம்பூரில் இருப்பவர் பார்க்க முடிகிறது. சிறிய நீதிமன்றம் தன் சொந்த வசதியில் இதை ஒருகாலும் செய்துகொண்டிருக்க முடியாது. இணைப்பு அறுந்தாலோ பதிவு செய்பவர் விடுப்பில் இருந்தாலோ, திரையில் பழைய தேதியே நிற்கும் என்பது இதன் மறுபக்கம். திரையில் ஒன்றும் நீதிமன்றக் குறிப்பேட்டில் இன்னொன்றும் இருந்தால் குறிப்பேட்டையே நம்புங்கள். வாய்தாவுக்கு முதல் நாள் மாலை செயலியில் ஒருமுறையும், அன்று காலை வழக்குப் பட்டியலில் ஒருமுறையும் பார்ப்பது போதும்.

மின்தாக்கல் செய்யத் தெரியாதவர்கள் நீதிமன்ற வளாகத்தின் இ-சேவை மையத்தை அணுகலாம். ஆவணங்களை நேராக, முழுப் பக்கமும் தெரியும்படி ஸ்கேன் செய்து கொண்டுபோங்கள். பழைய பத்திரங்களின் ஓரத்தில் உள்ள சாட்சிக் கையெழுத்தும் முத்திரையும் வெட்டுப்பட்டுவிட்டால் பிறகு அதுவே ஒரு தகராறாகும்.

அழைப்பாணையும் பேட்டாவும்

சிறு நீதிமன்றத்தில் வழக்கு இழுபடுவதற்கான காரணங்களில் வெளியே பேசப்படாத ஒன்று பேட்டா, அதாவது அழைப்பாணை அனுப்பக் கட்டும் கட்டணம். எதிராளிக்கு அழைப்பாணை அனுப்ப உத்தரவானதும், அதற்குரிய கட்டணத்தையும் பிராதின் நகலையும் முகவரியோடு கொடுக்க வேண்டும். அதைக் கட்டினால்தான் தாள் நாசர் பிரிவுக்குப் போகும். அங்கிருந்து அமீனா கைக்குப் போகும். உத்தரவான அன்றே கட்டிவிடுங்கள். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு கட்டிவிட்டு, அமீனா போகவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை. ஓர் அமீனாவுக்குப் பல கிராமங்கள் உண்டு. பேருந்து காலையும் மாலையும் மட்டுமே போகும் ஊர்களும் அவற்றில் உண்டு.

எதிராளி அதே நீதிமன்ற எல்லையில் இருந்தால் இது எளிது. ஆனால் நம் பக்கத்துப் பாகப்பிரிவினையில் எதிராளிகள் ஒரே ஊரில் இருப்பது அரிது. ஒரு வளவு வீட்டில் பத்துப் பதினைந்து புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு) பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில், இருவர் கோயம்புத்தூரில், மற்றொருவர் சிங்கப்பூரில் என்று இருப்பார்கள். வெளியூரில் உள்ளவருக்கான தாள், அந்த ஊரின் எல்லைக்குரிய நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள நாசர் பிரிவு வழியாகச் சார்பு செய்யப்பட்டு (எதிராளியிடம் சேர்க்கப்பட்டு), அறிக்கையோடு திரும்பி வர வேண்டும். இரண்டு நீதிமன்றங்களின் அனுப்புகைப் பதிவேடுகளைத் தாண்ட வேண்டிய தாள் இது. ஆகவே வெளியூர் எதிராளி இருந்தால் அடுத்த வாய்தாவைச் சற்று நீட்டிக் கேட்பதே புத்திசாலித்தனம். அதோடு, நீதிமன்ற அனுமதி பெற்று அழைப்பாணையை வாதியே கொண்டுபோய்க் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. உறவுக்குள் நடக்கும் வழக்கில் அது முகச்சுளிப்பைக் கூட்டும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெளிநாட்டில் இருப்பவருக்கு இங்கே முகவர் இல்லையென்றால், அவருடைய வெளிநாட்டு முகவரிக்கே அஞ்சல், கூரியர் அல்லது மின்னஞ்சல் வழியாக அனுப்பலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை 25-ஆம் விதி சொல்கிறது. நீதிமன்ற ஆவணங்களைச் சார்பு செய்வது பற்றிய ஹேக் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2007 முதலும் சிங்கப்பூருக்கு 2023 டிசம்பர் முதலும் நடைமுறையில் உள்ளது. அந்த வழியில் செல்லும் தாள் ஊர் நீதிமன்றத்திலிருந்து மேலேறி, டெல்லியில் உள்ள சட்டம் மற்றும் நீதி அமைச்சகம் வரை போய்த்தான் கடல் தாண்டும். உடன்படிக்கையில் சேராத நாட்டுக்கு வழியும் வேறு, காலமும் கூடுதல். இதையெல்லாம் தவிர்க்க ஒரே நல்ல வழி, வெளிநாட்டுப் பங்காளியிடம் முன்கூட்டியே பேசி, இங்கே ஒருவருக்குப் பவர் எழுதிக் கொடுக்கச் சொல்வது. அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அந்தப் பத்திரம் இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தால் காணொலி வழியாக விசாரிக்கக் கோரி மனுப் போடலாம். அப்போது அவர் தூதரக அதிகாரி ஒருவரின் முன்னிலையில் அமர்ந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி. ஊர் நீதிமன்றத்தின் இணைப்பு, மாவட்டக் கணினிப் பிரிவு, தூதரகம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் ஒத்துவர வேண்டும். இங்கே காலை பதினொன்று என்றால் சிங்கப்பூரில் பிற்பகல் ஒன்றரை ஆகியிருக்கும். தேதி குறிக்கும்போதே இதை எழுத்தரிடம் சொல்லி வையுங்கள்.

நீதிபதி இல்லாத நாட்கள்

நீதிபதி மாற்றலாகி, அடுத்தவர் வரும்வரை பக்கத்து நீதிமன்றத்து நீதிபதி பொறுப்பில் இருப்பார். அவர் தம் சொந்தப் பட்டியலை முடித்துவிட்டுத்தான் இதைப் பார்க்க முடியும் என்பதால், பெரும்பாலும் தடையாணை, ஜாமீன் போன்ற அவசர வேலைகளை மட்டும் கவனித்து மற்றவற்றுக்குத் தேதி கொடுப்பார். உங்கள் அவசரம் உண்மையானது என்றால், அதை ஒரு மனுவில் காரணத்தோடு எழுதி, பொறுப்பு நீதிபதி அமரும் ஊருக்கே கொண்டுபோக வேண்டும். தேவகோட்டையும் காரைக்குடியும் இருபது கிலோமீட்டருக்குள் இருப்பது இந்த விஷயத்தில் நம் அதிர்ஷ்டம்.

நீதிபதி இல்லை என்பதற்காகக் கெடுக்கள் நிற்பதில்லை. அழைப்பாணை கிடைத்த 30 நாளுக்குள் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றம் அதை 90 நாள் வரை நீட்டலாம். நாற்காலி காலியாக இருந்தாலும் அலுவலகம் திறந்திருக்கிறது, தாக்கல் செய்துவிடுங்கள். மே மாதக் கோடை விடுமுறையில் உரிமையியல் நீதிமன்றங்கள் மூடியிருக்கும். குற்றவியல் நடுவர் நீதிமன்றங்கள் இயங்கும். அக்காலத்து அவசரங்களுக்கு மாவட்டத் தலைநகரில் விடுமுறைக் கால நீதிமன்றம் உண்டு. கெடு முடியும் நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யக் காலவரையறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த முதல் நாளை விட்டால் சலுகையும் போயிற்று.

நகல் மனு: தீர்ப்பு நாளிலேயே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 30 நாளும், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாளும் உண்டு. மேல்முறையீட்டோடு தீர்ப்பு, தீர்ப்பாணை (டிக்ரி) ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும். நகல் பெற ஆகும் நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கழிவு நீங்கள் நகல் மனுப் போட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். தீர்ப்பாணை இன்னும் தயாராகவில்லை, தட்டச்சர் இல்லை, அது வந்ததும் மனுப் போடலாம் என்று காத்திருந்தால், அந்தக் காத்திருப்பு உங்கள் கணக்கில்தான் விழும். அதே பிரிவின் விளக்கம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தீர்ப்பாணையைத் தீர்ப்பு நாளிலிருந்து 15 நாளுக்குள் தயாரிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஆள் குறைந்த நீதிமன்றத்தில் அது தள்ளிப் போவதுண்டு. ஆகவே தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே நகல் மனுவைக் கொடுத்து, மனு எண்ணை வாங்கிவிடுங்கள்.

பிறகு அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை தாளுக்கு எவ்வளவு கட்டணம் என்று அங்கே பட்டியல் ஒட்டுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். கிடைக்கும் நகலின் பின்பக்கம் மனுக் கொடுத்த தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, பெற்ற தேதி ஆகியவை வரிசையாக இருக்கும். மேலே போகும்போது காலக் கணக்கு இந்தத் தேதிகளை வைத்தே போடப்படுகிறது. கட்டணம் கேட்ட பிறகு நீங்கள் சும்மா இருந்த நாட்களும், தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாட்களும் உங்கள் தாமதமே; நீதிமன்றத்தின் தாமதம் ஆகாது. நகலை வாங்கியதும் தேதிகள் சரியாக எழுதப்பட்டுள்ளனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வழக்குக் கட்டில் உள்ள ஆவணங்களுக்கு நீதிமன்ற விதிகளின்படி நகல் மனுவே வழி என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்துவிட்டது. நிர்வாகச் செய்திகளுக்கு மட்டும் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்.

பழைய கட்டுகளைத் தேடுபவர்களுக்கு

தாத்தா காலத்துத் தீர்ப்பைத் தேடி வருபவர்கள் நம் பகுதியில் அதிகம். அவர்கள் இன்றைய மாவட்ட எல்லையை மறந்துவிட வேண்டும். சிவகங்கை மாவட்டம் 1985 மார்ச் 15-இல் உருவானது. அதற்கு முன் காரைக்குடியும் தேவகோட்டையும் இராமநாதபுரம் மாவட்டம். எனவே அக்காலத்து மேல்முறையீட்டுக் கட்டுகள் அந்த மாவட்டத்தின் பெயரில் எண்ணிடப்பட்டவை. திருமயம் பக்கத்தின் கதை வேறு: அது 1948 மார்ச் 3 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சிராப்பள்ளி மாவட்டம், 1974 முதல்தான் புதுக்கோட்டை மாவட்டம். 1948-க்கு முந்தைய வழக்குகள் சமஸ்தான நீதிமன்றங்களில் நடந்தவை. தேவகோட்டை நீதிமன்றக் கட்டடம் 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் எரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கட்டைத் தேடுபவர் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதனால் நான் சொல்வது, பதிவறைக்குப் போகுமுன் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே. நகரத்தார் வீடுகளில் கணக்கையும் பத்திரத்தையும் காப்பாற்றி வைக்கும் பழக்கம் பழையது. சான்றிட்ட நகல் அங்கேயே இருக்க வாய்ப்புண்டு. அது இல்லாவிட்டாலும் வழக்கு எண்ணும் ஆண்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் போதும். எண் இல்லாமல், ஏறக்குறைய இன்ன ஆண்டில் இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த வழக்கு என்று பதிவறை எழுத்தரிடம் கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. முடிந்த கட்டின் ஒரு பகுதி குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படும் என்பதால், இன்று வழக்கை முடிப்பவர்கள் தாங்கள் தாக்கல் செய்த மூலப் பத்திரங்களை உடனே மனுப் போட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பணமும் சட்ட உதவியும்

நீதிமன்றத்தில் கட்டிய பணம் எழுத்தரின் மேசை இழுப்பறையில் இருப்பதில்லை. சலான் மூலம் அரசுக் கணக்குக்குப் போய்விடுகிறது. திரும்பப் பெறச் செக் மனுப் போட்டு, உத்தரவு பெற்று, கருவூலச் சரிபார்ப்பு முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். சலானின் நகலையும் வங்கிப் புத்தக நகலையும் சேர்த்துக் கொடுங்கள். ஆண்டுக்கணக்கில் கேட்காமல் விட்ட பணம் அரசு வரவில் சேர்ந்துவிடும். அதை மீட்கக் கூடுதல் ஒப்புதல்கள் வேண்டும்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். அது பெரும்பாலும் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும். அதன் தலைவர் அவ்வூரின் மூத்த நீதிபதி. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், அந்த முடிவின் மீது மேல்முறையீடு கிடையாது. பங்காளிகளுக்கு இடையிலான வீட்டு வழக்குக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் கருத்து. எந்த முற்றம் யாருக்கு, எந்தத் தூண் வரை எல்லை என்பதை வழக்கறிஞர் ஆணையர் அளந்து தருவதைவிட உறவினர்கள் உட்கார்ந்து பேசிச் சீக்கிரம் முடிவு செய்துவிடுவார்கள்.

வேலை நின்றால் கேட்கும் முறை

"என்னங்க, நம்ம கட்டு என்ன ஆச்சு?" என்று கேட்டால் "மேலே போயிருக்கு, வரட்டும்" என்றுதான் பதில் வரும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கேட்க வேண்டியது வேறு: எந்த அலுவலகத்துக்கு, எந்த அனுப்புகை எண்ணில், எந்தத் தேதியில் போனது? அந்த மூன்றும் கையில் இருந்தால் சிவகங்கையில் மாவட்ட நீதிமன்ற அலுவலகத்தில் உரிய பிரிவில் கேட்க முடியும். அவை இல்லாமல் அங்கே போனால் ஒரு பகல் வீணாகும். எழுத்தர் அனுப்புகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்போதே, அனுப்பப்படாமல் கிடக்கும் தாள் வெளியே வருவதும் உண்டு.

பதில் வராவிட்டால் முதன்மை மாவட்ட நீதிபதிக்குச் சுருக்கமாக ஒரு மனு. அதில் வழக்கு எண், நின்றுபோன வேலை, மேற்சொன்ன மூன்று விவரங்கள் ஆகியவை போதும். எழுத்தரின் குணநலன்கள் தேவையில்லை. லஞ்சம் கேட்டார்கள் என்பது போன்ற புகார் வேறு வகை. அது உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பு (விஜிலென்ஸ்) பிரிவுக்கு எழுதப்பட வேண்டியது. நீதிபதியின் உத்தரவு தவறு என்பதை ஒருபோதும் நிர்வாகப் புகாராக எழுதாதீர்கள். அதற்கு மேல்முறையீடும் சீராய்வும் இருக்கின்றன. வழக்கையே மாவட்டத்துக்குள் வேறு நீதிமன்றத்துக்கு மாற்ற விரும்பினால் 24-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். மாவட்டம் தாண்டுவதானால் உயர் நீதிமன்றம்.

மதுரைக்குப் போக வேண்டி வந்தால்

சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களும் 2004 ஜூலை 24-இல் தொடங்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் எல்லையில் உள்ளன. ஊர் நீதிமன்றத்தில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்கலாம்; உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பதால் அவற்றை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கட்டாகக் கொடுக்க வேண்டும், அதற்கான செலவையும் நாளையும் முன்பே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மேல்முறையீடு ஏற்கப்பட்ட பிறகு ஊர் நீதிமன்றத்தின் மூலக் கட்டை மதுரைக்கு வரவழைப்பார்கள். கட்டு அங்கே இருக்கும் காலத்தில் அதிலுள்ள ஆவணத்துக்கு ஊரில் நகல் கேட்டால் கிடைக்காது. தேவைப்படக்கூடிய நகல்களையெல்லாம் கட்டு போவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாக வரும் பேருந்தில் போனால் மாட்டுத்தாவணி வரை போக வேண்டியதில்லை; ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையிலேயே உலகனேரியில் உயர் நீதிமன்ற நிறுத்தம் வரும். உள்ளே நுழையப் படத்துடன் கூடிய அடையாள அட்டை கேட்பார்கள்.